பட்டுக் கூடும் செரீனும்



பாடப் புத்தகங்களில் சில சொற்கள் உண்டு. பொருளை விளக்குவதற்காகவே அவை பிறந்தன. ஆயினும், படிப்பவர் சற்றுக் கவனம் தவறினால் பொருளை மறைத்துவிடுகின்றன. "அவசியமற்ற அமினோ அமிலம்" என்பது அத்தகைய சொற்றொடர்களில் ஒன்று. நான் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய ஆண்டுகளில், இப்பாடம் நடக்கும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, "அவசியமில்லை என்றால் அதை ஏன் சார் நாங்கள் படிக்க வேண்டும்?" என்று கேட்பதுண்டு. வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஆனால், அக்கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியது அன்று. அதற்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. அவ்விடையை, செரீன் என்னும் ஓர் அமினோ அமிலத்தைச் சான்றாகக் கொண்டு இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செரீனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வசிப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். மாட்டினத்தால் புகழ் பெற்ற, ஈரோடு மாவட்டத்து மலைப்பகுதியாகிய பர்கூர் வேறு. எங்கள் பர்கூர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஜவுளிக் கடைகளால் பெயர் பெற்று விளங்கும் ஊர். இங்கிருந்து மேற்கே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றால், வயல்களுக்கிடையே மல்பெரித் தோட்டங்களைக் காணலாம். பட்டுப்புழு வளர்ப்பு அப்பகுதி உழவர்களின் தொழில்களில் ஒன்று. மல்பெரி வகைகளையும் பட்டுப்புழு இனங்களையும் சேகரித்துப் பாதுகாக்கும், மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஒன்றும் ஓசூரில் இருக்கிறது. செரீன் என்னும் அமினோ அமிலத்தை விஞ்ஞானிகள் முதன்முதலில் கண்டெடுத்தது பட்டிலிருந்துதான். ஆதலால், எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு இது வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் பாடம்.

பட்டுப்புழு மல்பெரி இலையை உண்டு, நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில் இலை உண்பதை நிறுத்துகிறது. அப்போது அதை எடுத்துச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விடுகிறார்கள். இரண்டு மூன்று நாட்களில் அது தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. அக்கூடு ஒரே இழையால் ஆனது. அதன் நீளம் 1,000 மீட்டர் அளவுக்கும் செல்லும். இழை ஒன்றோடொன்று ஒட்டிக் கூடாக நிற்பதற்கு ஒரு பசை வேண்டும் அல்லவா? பட்டின் உள்ளிழை ஃபைப்ராயின் என்னும் புரதம். அதன்மேல் பூசியிருக்கும் பசை செரிசின் என்னும் மற்றொரு புரதம். கூட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்பசையே. கூட்டை வெந்நீரில் இட்ட பின்னரே இழையை எடுக்க முடிவது ஏன் என்றால், சூட்டில் இப்பசை இளகிக் கொடுப்பதனால்தான். பின்னர்ப் பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து, எஞ்சிய பசையையும் நீக்குகிறார்கள். அதன் பிறகே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன.

1865-ஆம் ஆண்டில், எமில் கிராமர் என்னும் ரசாயன அறிஞர் இப்பசையைச் சிதைத்து ஆராய்ந்தார். அதிலிருந்து இனிப்புச் சுவையுடைய வெண்ணிறப் படிகம் ஒன்று கிடைத்தது. பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல் "செரிக்கம்" என்பது. அதனை அடியொற்றி அப்படிகத்துக்குச் "செரீன்" என்று பெயரிட்டார்கள். செரிசின் பசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செரீன்தான்.

இனி, அமினோ அமிலம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நம் தசை, தோல், முடி, இரத்தம், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள் ஆகிய அனைத்திலும் புரதம் இருக்கிறது. மணிகளைக் கோத்த மாலையைப் போல, அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதம் உண்டாகிறது. நம் உடம்பின் புரதங்களைக் கோப்பதற்குப் பயன்படும் மணிகள் 20 வகை. இவற்றுள் 9 வகை அவசியமானவை என்றும், மற்ற 11 வகை அவசியமற்றவை என்றும் புத்தகங்கள் கூறுகின்றன. செரீன் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது.

இப்பாகுபாட்டை உறுதியாக நிலைநாட்டியவர் அமெரிக்க நாட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கம்மிங் ரோஸ் என்னும் பேரறிஞர். அவர் முதலில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். புரதத்துக்குப் பதிலாக, அக்காலத்தில் தெரிந்திருந்த அமினோ அமிலங்களையெல்லாம் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, அவை வளராமல் மெலிந்தன. அறியப்படாத ஒரு பொருள் குறைகிறது என்று ஊகித்துத் தேடி, 1935-ஆம் ஆண்டில் திரியோனின் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டார். பின்னர் 1942-ஆம் ஆண்டு முதல் மனிதர்களிடம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இதற்கு முன்வந்தவர்கள் அவருடைய பல்கலைக்கழகத்து மாணவர்களே. உங்கள் வயதினின்று சற்றே மூத்த அவ்விளைஞர்கள் சோள மாவு, சர்க்கரை, கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் ஆகியவற்றோடு தூய அமினோ அமிலக் கலவையைப் பல நாட்கள் உண்டு வந்தார்கள். கலவையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஓர் அமிலத்தை நீக்கி, உடம்பிலிருந்து வெளியேறும் நைட்ரஜனின் அளவைக் கணக்கிட்டார்கள். உட்செல்வதைவிட வெளியேறுவது மிகுந்தால், உடம்பு தன் சொந்தப் புரதத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சில அமிலங்களை நீக்கியவுடனே கணக்கு இறங்கியது; அவற்றைத் திரும்பச் சேர்த்தவுடன் சரியாயிற்று. அவை அவசியமானவை. செரீனை நீக்கியபோதோ, கணக்கில் மாற்றம் ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே அது அவசியமற்றது எனப்பட்டது.

இவ்விடத்தில் நின்று சிந்தியுங்கள். இந்தச் சோதனை எதைக் காட்டியது? செரீன் உடம்புக்கு வேண்டாம் என்பதையா? இல்லை. செரீன் உணவின் வழியே வராவிட்டாலும், உடம்பு தன் வேலையைத் தடையின்றி நடத்திக்கொள்கிறது என்பதை மட்டுமே காட்டியது. ஏனெனில், உடம்பு அதனைத் தானே செய்துகொள்கிறது. "அவசியமற்றது" என்னும் அடைமொழி உணவுத் தட்டைப் பார்த்துச் சூட்டியது. உடம்பைப் பார்த்துச் சூட்டியது அன்று. நம் தமிழில் "இன்றியமையாதது" என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. அச்சொல்லைக் கொண்டே சொல்வதானால், செரீன் இன்றி உணவு அமையும். செரீன் இன்றி உடம்பு அமையாது.

இதற்குப் பட்டுப்புழுவைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அப்புழுவுக்கும் செரீன், கிளைசின், அலனின் ஆகிய மூன்றும் உணவில் அவசியமற்றவையே; அவற்றை அதுவும் தன் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ள வல்லது. ஆனால், பட்டின் உள்ளிழையில் உள்ள 100 அமினோ அமிலங்களை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய 45 கிளைசின், 30 அலனின், 12 செரீன் இருக்கும். அதாவது, பட்டின் பெரும்பகுதி "அவசியமற்ற" அமிலங்களால் ஆனது. புழு தன் வாழ்நாளின் முழு உழைப்பையும் செலவிட்டு நூற்கும் இழையை, எதனால் நூற்கிறது பாருங்கள்! மிகுதியாகவும் இடைவிடாமலும் தேவைப்படும் பொருளை, வெளியிலிருந்து வருவதை மட்டும் நம்பியிராமல், உயிர்கள் தம் வீட்டிலேயே செய்துகொள்கின்றன என்று கொண்டால் இப்பெயரால் வரும் மயக்கம் தீரும்.

நம் உடம்பு செரீனை எதிலிருந்து செய்கிறது? நாம் உண்ணும் மாவுச் சத்திலிருந்து. காலையில் நீங்கள் கேழ்வரகுக் களியோ, இட்டிலியோ உண்டு வந்திருப்பீர்கள். அதிலுள்ள மாவுச் சத்து செரிமானத்தில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி, இரத்தத்தின் வழியே உயிரணுக்களை அடைகிறது. அங்கே அச்சர்க்கரை படிப்படியாகப் பிளவுபட்டு ஆற்றலைத் தருகிறது. அவ்வாறு பிளவுபடும் வழியில், மூன்று கார்பன் அணுக்களைக் கொண்ட ஓர் இடைப்பொருள் உண்டாகிறது. பிரதான சாலையிலிருந்து கிளைச்சாலை பிரிவதுபோல, அவ்விடத்தில் ஒரு கிளை பிரிகிறது. மூன்று நொதிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று படிகளில் அதனைச் செரீனாக மாற்றிவிடுகின்றன. நைட்ரஜன் மட்டும் மற்றோர் அமினோ அமிலமாகிய குளூட்டமிக் அமிலத்திலிருந்து வருகிறது. களியில் உள்ள சர்க்கரை, நரம்பையும் இரத்தத்தையும் ஆக்கும் பொருளாக மாறும் வழி இதுவே.

இனி, செரீன் செய்யும் பணிகளைக் காண்போம். எல்லாவற்றையும் கூறுவதற்கு இந்த நேரம் போதாது. நான்கினை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, புரதங்களுக்குள் செரீன் வகிக்கும் இடம். செரீனின் நுனியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கூறு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனோடு பாஸ்பேட் எளிதில் இணையும். பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இவ்வளவு சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் வெறும் நீரில் இருந்தால் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். பாலில் அவ்வாறு படிவதில்லை. பாலின் கேசீன் புரதத்திலுள்ள செரீன், பாஸ்பேட்டைத் தாங்கி, அதன் வாயிலாகச் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கன்றுக்கும் குழந்தைக்கும் எலும்பு வளர்வது அதனால் எளிதாகிறது. மேலும், உணவுப் புரதத்தை அறுத்துச் செரிக்கச் செய்யும் டிரிப்சின், காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் ஆகிய நொதிகளில், அறுக்கும் வேலையைச் செய்யும் இடத்தில் அமர்ந்திருப்பது ஒரேயொரு செரீன். அவ்வொன்றை அகற்றினால், நூற்றுக்கணக்கான மற்ற அமிலங்கள் இருந்தும் அந்நொதி செயலற்றுப் போகும்.

இரண்டாவது பணி, மற்ற அமிலங்களுக்குத் தாயாக இருப்பது. கிளைசின் செரீனிலிருந்து பிறக்கிறது. நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினே. முடிக்கும் நகத்துக்கும் உறுதி தரும் சிஸ்டைனும் செரீனின் உடற்கூட்டைக் கொண்டே உண்டாகிறது. அதற்கு வேண்டிய கந்தகம் மட்டும் வேறோர் அமிலத்திலிருந்து வருகிறது.

மூன்றாவது பணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டோடும், நம் தமிழகத்தோடும் தொடர்புடைய வரலாறு அதில் இருக்கிறது.

1928-ஆம் ஆண்டில், லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் கொடிய சோகை நோயால் வருந்தினார்கள். அது சாதாரண இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையாக இல்லை. அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. அம்மையார் அப்பெண்களின் உணவையும் வாழ்க்கையையும் ஆராய்ந்தார். 1929-ஆம் ஆண்டில் சில மாதங்கள் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் தங்கித் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மகளிர் மருத்துவமனையிலும் பணி செய்தார். ஈஸ்ட் என்னும் நொதிக்காளானின் சாற்றைக் கொடுத்தால் இச்சோகை தீர்கிறது என்பதை அவ்வாண்டிலேயே உலகுக்கு அறிவித்தார்.

அச்சாற்றில் இருந்த மருந்து யாது? அதுவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட வைட்டமின். 1941-ஆம் ஆண்டில் கீரையிலிருந்து அது பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அப்பெயர் பெற்றது. 1940-களின் நடுவில் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டிய அமெரிக்க நாட்டு லெடர்லே ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்கள்.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன வேலை செய்கிறது? அது ஒரு சுமை தூக்கி. ஒற்றைக் கார்பன் அணுவைத் தாங்கிய சிறு துண்டினை ஓரிடத்தில் பெற்று, மற்றோரிடத்தில் கொண்டு சேர்க்கிறது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் மரபுப் பொருள் முழுவதும் இன்னொரு படி எடுக்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய உறுப்புகளைக் கட்டுவதற்கு இக்கார்பன் துண்டுகள் தேவை. சுமை தூக்கிக்குச் சுமையை எடுத்துக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் செரீன்தான். செரீன் தன் மூன்று கார்பன்களில் ஒன்றை ஃபோலிக் அமிலத்திடம் கொடுத்துவிட்டு, இரண்டு கார்பன்களைக் கொண்ட கிளைசினாக மாறுகிறது.

நம் எலும்பு மச்சையில் விநாடிதோறும் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதியனவாகத் தோன்றுகின்றன. சுமை தூக்கி இல்லாவிடில் அவ்வேலை தடைப்படுகிறது. அணுக்கள் பருக்கின்றனவே தவிரப் பிரிய இயலாமல் நிற்கின்றன. பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தில் அணுக்கள் பெருத்திருந்ததன் காரணம் இதுவே. உடம்பே செய்துகொள்ளும் செரீனும், கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் நாம் பெற்றே தீர வேண்டிய ஃபோலிக் அமிலமும் கைகோத்தால்தான் இரத்தம் ஊறுகிறது. ஆதலால், உடம்பு செய்துகொள்ளும் பொருள் என்பதற்காக நாம் கவலையற்று இருந்துவிடவும் முடியாது. அதற்குத் துணை நிற்கும் சத்துகளை நாம்தான் ஊட்ட வேண்டும்.

நான்காவது பணி மூளையைச் சார்ந்தது. நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. அதிலுள்ள சிலவகைக் கொழுப்புப் பொருள்களைக் கட்டுவதற்குச் செரீன் தேவை. அன்றியும், நம் இடக்கையும் வலக்கையும் ஒத்திருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதிருப்பது போல, செரீனுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. புரதத்தில் வருவது ஒரு வடிவம். அதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற மற்றொரு வடிவம் பாலூட்டிகளின் உடம்பில் இராது என்றே நெடுங்காலம் கருதினார்கள். 1992-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அவ்வடிவம் எலியின் மூளையில் நிறைய இருப்பதைக் கண்டறிந்தார்கள். கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் வேண்டிய நரம்புச் செய்திகள் ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் செல்ல அது உதவுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. நான் இப்போது கூறுவதை நீங்கள் நினைவில் பதித்துக்கொள்வதற்கும் அது துணை செய்கிறது.

இத்தனை பணிகளையுடைய பொருளை உடம்பு செய்ய இயலாமற் போனால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு 1996-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. பெல்ஜிய நாட்டு லூவன் நகரத்தைச் சேர்ந்த யாக் யாக்கன் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய துணைவர்களும் உடன்பிறந்த சிறுவர் இருவரைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் தலை சிறுத்திருந்தது; வளர்ச்சி பின்தங்கியிருந்தது; அடிக்கடி வலிப்பு வந்தது. அவர்களுடைய இரத்தத்திலும், மூளையைச் சூழ்ந்த நீரிலும் செரீன் மிகக் குறைந்திருந்தது. சற்று முன் நான் கூறிய மூன்று நொதிகளில் முதல் நொதி அவர்களிடம் போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: "பாலிலும் பருப்பிலும் செரீன் இருக்கிறதே, அது அக்குழந்தைகளுக்குப் போதாதா?" நல்ல கேள்வி. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் உண்டு. அக்காவலைக் கடந்து செரீன் மிகச் சிறிதளவே உள்ளே செல்ல முடியும். ஆகவே மூளை தனக்கு வேண்டிய செரீனைப் பெரும்பாலும் தன்னிடத்திலேயே செய்துகொள்கிறது. செய்யும் வல்லமை இழந்த மூளை, இரத்தத்தில் செரீன் ஓடிக்கொண்டிருந்தாலும் பட்டினி கிடக்கும். இதனால்தான் இந்நோய்க்குச் சாதாரண உணவு போதாது. மருத்துவரின் மேற்பார்வையில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சில நூறு மில்லிகிராம் வீதம் செரீனையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். பல குழந்தைகளுக்கு வலிப்பு அடங்குகிறது. ஆயினும், முன்னரே பழுதுபட்ட மூளை வளர்ச்சியை முழுதும் மீட்க முடிவதில்லை.

அப்படியானால் முன்கூட்டியே கொடுத்தால் என்ன? 2004-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள் இதனைச் செய்து காட்டினார்கள். இந்நோய் உள்ள குடும்பம் ஒன்றில், தாயின் வயிற்றில் இருந்த சிசுவின் தலை வளர்ச்சி குறைந்துவருவதைக் கண்டு, ஏழாம் மாத அளவில் தாய்க்குச் செரீன் கொடுத்தார்கள். சிசுவின் தலை மீண்டும் வளர்ந்தது. பிறந்த பெண் குழந்தைக்கும் செரீனைத் தொடர்ந்து கொடுத்து வந்தார்கள். அது பிற குழந்தைகளைப் போலவே வளர்ந்தது. "அவசியமற்றது" என்று நாம் ஒருவரியில் எழுதிவிட்டுத் தாண்டிச் செல்லும் பொருள், ஒரு குழந்தையின் வாழ்வை மாற்றிவிட்டது.

இது மிக அரிய நோய். எனினும், எங்கள் பக்கத்து மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. ஒரு குழந்தைக்கு இந்நோய் வர வேண்டுமானால், பழுதுற்ற மரபணு தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றும் ஆக இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர் நலமாகவே இருப்பார். தம்மிடம் அது இருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவில்லாத இருவரிடம் ஒரே பழுது இருப்பது அரிது. ஆனால், தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கினைப் பொதுவாக உடையவர்கள். அத்தை மகன், மாமன் மகள் ஆகியோர் எட்டில் ஒரு பங்கினைப் பொதுவாக உடையவர்கள். நம் தென்னாட்டில் இவ்வகைத் திருமணங்கள் நெடுநாள் வழக்கமாக இருந்துவருகின்றன. நிலம் பிரியாமல் இருக்கவும், பெண் கண்ணெதிரே இருக்கவும் பெரியோர் அதனை விரும்பினார்கள். அவர்களுடைய அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால், சொந்தத்தில் மணம் முடிப்பதால் இத்தகைய நோய்களின் வாய்ப்பு மிகுகிறது என்பது கணக்கு. அதனை மறைக்க இயலாது. நாளை உங்கள் வீட்டில் இப்பேச்சு எழும்போது, படித்த பிள்ளை என்ற முறையில் இதனைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். முன்னரே சொந்தத்தில் மணம் நிகழ்ந்திருந்து, குழந்தைக்குக் காரணம் புலப்படாத வலிப்போ வளர்ச்சிக் குறைவோ இருந்தால், "தலையெழுத்து" என்று வாளாவிருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அமினோ அமிலச் சோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். அச்சோதனைக்கு இரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். உணவு உண்டபின் எடுத்தால், உணவின் செரீன் கலந்து குறைவை மறைத்துவிடக் கூடும். எவ்வளவு நேரம் உணவின்றி இருக்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இனி, எதிர்ப்பக்கத்து எச்சரிக்கை ஒன்று. செரீன் இவ்வளவு நல்லதென்றால் அதை வாங்கி உண்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். உடற்பயிற்சிக் கூடங்களில் புரதப் பொடி டப்பாக்களைக் கண்டிருப்பீர்கள். "எல்லா அமினோ அமிலங்களும் அடங்கியது" என்று அவற்றின்மேல் அச்சிட்டிருக்கும். நலமுள்ள உடம்புக்குச் செரீனைப் பொடியாக வாங்க வேண்டிய தேவை இல்லை. அது தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். மேலும், பிரியும் எல்லா அணுக்களுக்கும் செரீன் வேண்டும். புற்றுநோய் அணுக்களும் அதற்கு விலக்கல்ல. மார்பகப் புற்றுநோயில் சிலவகையில், செரீனைச் செய்யும் முதல் நொதியின் மரபணு பன்மடங்காகப் பெருகியிருப்பதை 2011-ஆம் ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டின. குழந்தை ஒன்றுக்கு மருந்தாகிய பொருளே, தீய அணுவுக்கு உணவாகவும் ஆகிறது. ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எந்த நிலையில் என்று கேட்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கேழ்வரகுக் களியும், அதற்குத் துணையாகக் கீரைக் கடைசலும் எங்கள் பக்கத்துப் பழைய உணவு. கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக விதைக்கும் அவரை, வேர்க்கடலை, துவரை, பால், முட்டை ஆகியவற்றில் அவசியமான அமிலங்களும் உண்டு, செரீனும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் அதில் பெரும்பகுதி வீணாகும் என்பதை மட்டும் அடுக்களையில் நினைவூட்டுங்கள். கருவுற்ற பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை, "வாய் கசக்கிறது" என்று சொல்லிப் பரண்மேல் வைத்துவிடாமல் உண்ணச் செய்யுங்கள். குன்னூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஓர் அம்மையார் உழைத்த உழைப்பின் பயன் அந்த மாத்திரைக்குள் இருக்கிறது.

மாணவர்களே, தேர்வில் "அவசியமற்ற அமினோ அமிலம் என்றால் என்ன?" என்று கேட்டால், "உணவின் வழியே கட்டாயம் பெற வேண்டாதது, உடம்பு தானே செய்துகொள்வது" என்று எழுதுங்கள். இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால் விடை அரைகுறை. விஞ்ஞானத்தில் ஒரு பெயரைக் கண்டால், அது எந்தச் சோதனையில், எதனை அளந்து, யார் கண்கொண்டு சூட்டிய பெயர் என்று கேட்டுப் பழகுங்கள்.